சிறுவர் கதைகளை வைத்து டாரட் சீட்டுக்கட்டு போடப் போகிறீர்களா? வரையும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய சிறுவர் கதைகளை வைத்து ஒரு டாரட் கட்டு (குறி பார்க்கும் சீட்டுக்கட்டு) போடலாம் என்று எங்களுக்குத் தோன்றியபோது ஒரே வருடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். இரண்டே முக்கால் வருடம் ஆனது. அதில் வரைவதற்குப் போனது பாதிகூட இல்லை. வரைந்ததைத் தூக்கிப் போட்டது, மறுபடி வரைந்தது, அச்சகத்துக்கு அலைந்தது, பெட்டிக்குள் சீட்டு நுழையாமல் உட்கார்ந்து அழுதது என்று மிச்சக் காலம் போயிற்று. எழுதியது நான், படம் வரைந்தது என் சித்தி மகள், அச்சடித்தது சிவகாசியில், மொத்தம் 300 கட்டு. டாரட் பலிக்குமா என்ற பஞ்சாயத்துக்கு இங்கே இடமில்லை. எந்த வேலையை எப்போது செய்வது, எங்கே பணம் ஓட்டையாகும், அவ்வளவுதான்.

1. முதலில் 78 வரி எழுதுங்கள், பென்சிலைத் தொடாதீர்கள்

ஒரு கட்டில் 78 சீட்டு. மேஜர் அர்கானா (முட்டாள், தேர், துறவி என்று தனிப் பெயருள்ள சீட்டுகள்) 22, மைனர் அர்கானா (குடும்பம் குடும்பமாக வரும் மிச்சச் சீட்டுகள்) 56. அந்த 56, கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு குடும்பம், குடும்பத்துக்கு 14. ஒரு நோட்டில் 78 வரி போட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கதை, எந்தக் காட்சி என்று எழுதி முடிக்கும் வரை வரைய ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு, பிடித்த பத்து மேஜர் சீட்டை ஆசையாக வரைந்துவிட்டு, அப்புறம் காசு குடும்பத்தின் ஏழுக்கும் எட்டுக்கும் என்ன போடுவது என்று விழிப்பது. நாங்களும் விழித்தோம்.

மைனருக்கு ஒரு வழி சொல்கிறேன்: குடும்பத்துக்கு ஒரே கதை. கோல் நெருப்பின் குடும்பம் என்பதால் மௌக்லி கதைகளைக் கொடுத்தோம். காட்டு விலங்குகள் நெருப்பைப் பெயர் சொல்ல அஞ்சி ‘சிவப்புப் பூ’ என்று சொல்லும் கதையைவிடப் பொருத்தமாக வேறு எது கிடைக்கும்? கோப்பை நீர், அதற்கு ஆண்டர்சனின் கடற்கன்னி. வாள் காற்று, அதற்குப் பறக்கவும் வாள் வீசவும் தெரிந்த பீட்டர் பான். காசுக்குப் ‘புதையல் தீவு’, அது யோசிக்காமலே வந்து உட்கார்ந்துவிட்டது.

மேஜரில்தான் சண்டை வரும், வரட்டும். முட்டாள் சீட்டுக்கு முயல் வளைக்குள் எட்டிப் பார்க்கும் ஆலிஸ். தேர் சீட்டுக்கு மோட்டார் காரில் பறக்கும் தவளை மகாராஜா, அதாவது ‘விண்ட் இன் தி வில்லோஸ்’ கதையின் டோட் (தேரைதான் சரி, ஆனால் வீட்டில் தவளை மகாராஜா என்றே பெயராகிவிட்டது). துறவிக்கு மலைமேல் தனியாக இருக்கும் ஹைடியின் தாத்தா. சாத்தான் சீட்டுக்குப் பினோக்கியோ போகும் விளையாட்டு நாடு: படிப்பில்லை, வேலையில்லை, கடைசியில் பையன்களுக்குக் கழுதைக் காது முளைக்கிறது. அந்தச் சீட்டின் பொருளை இதைவிட நன்றாக எந்தப் பேயும் சொல்லாது. மந்திரவாதிக்கு ஓஸ் மந்திரவாதியைப் போட வேண்டும் என்று சித்தி மகள் பிடிவாதமாக இருந்தாள். அவன் போலி, திரைக்குப் பின்னால் நிற்கும் சாதாரண ஆள், அந்தச் சீட்டு சொல்வதோ உண்மையான திறமையை என்று நான் மறுத்தேன். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். சீட்டு தலைகீழாக விழுந்தால் பொருளும் எதிர்மாறாகும், அப்போது போலி தானாகப் பொருந்திவிடும் என்றாள், சரிதான்.

இந்தப் பட்டியலுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். செலவு ஒரு நோட்டு.

2. ஒவ்வொரு கதைக்கும் யார் உரிமையாளர் என்று பாருங்கள்

நாங்கள் வழுக்கியது இங்கேதான். ‘பழைய கதைதானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்று நினைக்காதீர்கள். காப்புரிமைக் காலம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. நீங்கள் எங்கே அச்சடிக்கிறீர்களோ அந்த நாட்டை மட்டும் பார்த்தால் போதாது, எங்கெல்லாம் விற்கப் போகிறீர்களோ அங்கெல்லாம் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு. பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பொதுவாக 70 ஆண்டு. அமெரிக்காவில் இந்தப் பழைய புத்தகங்களுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்பதுதான் அதிகபட்சக் கணக்கு. மூன்றிலும் அந்த ஆண்டின் டிசம்பர் 31 வரை ஓடி, ஜனவரி 1 அன்று பொதுச் சொத்தாகும், அதாவது யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: கதை, வெளியான ஆண்டு, எழுதியவர் இறந்த ஆண்டு, முதல் ஓவியர் இறந்த ஆண்டு, நான் விற்கும் நாடுகள். ஓவியரை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால், வின்னி த பூ கரடியைப் பாருங்கள். புத்தகம் 1926இல் வந்தது, அமெரிக்காவில் 2022 முதல் பொதுச் சொத்து. எழுதிய மில்ன் 1956இல் இறந்தார், ஆகவே இந்தியாவில் 2017 முதல் கதை பொது, பிரிட்டனில் 2026 முடிய வேண்டும். ஆனால் படம் வரைந்த ஷெப்பர்ட் இறந்தது 1976இல். அவர் கோடுகளைத் தொட இந்தியாவில் 2036 முடியும் வரையும் பிரிட்டனில் 2046 முடியும் வரையும் காத்திருக்க வேண்டும். கரடியை நீங்களே புதிதாக வரையலாம், அவர் வரைந்த கரடி மாதிரி வரையக் கூடாது. இந்த வித்தியாசத்தை ஒரு வக்கீல் முன் நின்று விளக்கும் தெம்பு எங்களுக்கு இல்லாததால் கரடியை விட்டுவிட்டோம்.

எங்களைக் கவிழ்த்தது ‘குட்டி இளவரசன்’. நட்சத்திரச் சீட்டுக்கு அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவே இல்லை. எழுதியவர் 1944இல் இறந்துவிட்டார், இந்தியக் கணக்குப்படி எப்போதோ முடிந்துவிட்டது என்று நம்பி மூன்று சீட்டு வரைந்தாயிற்று. புத்தகம் வெளியானது 1943, ஆகவே அமெரிக்காவில் 2038 முடியும் வரை உரிமை உண்டு. பிரான்சிலோ, போரில் உயிரிழந்த எழுத்தாளர்களுக்குத் தரப்படும் கூடுதல் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். மூன்று சீட்டும் குப்பைக்குப் போனது, ஏழு வாரம் போனது. நட்சத்திரத்துக்குப் பிற்பாடு ஆண்டர்சனின் தீக்குச்சிச் சிறுமியைப் போட்டோம்.

பீட்டர் பான் தனிக் கதை. அதை எழுதிய ஜே.எம். பாரி 1929இல் அதன் உரிமையை லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்தார். அவர் இறந்தது 1937இல், சாதாரணக் கணக்கில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அந்த மருத்துவமனைக்கு மட்டும் காலவரையின்றி ராயல்டி பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்தச் சட்டம் சொல்வது நாடகம் போடுவதையும் வெளியிடுவதையும் ஒளிபரப்புவதையும் பற்றி. சீட்டுக்கட்டு அதில் வருமா என்று நீங்களாக முடிவு செய்யாமல், பிரிட்டனில் விற்பதாக இருந்தால் மருத்துவமனைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

டாரட் படங்களுக்கும் இதே கணக்குதான். பலரும் மாதிரியாக வைத்துக்கொள்வது 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு. அவர் இறந்தது 1951இல், ஆகவே பிரிட்டனிலும் 2022 முதல் அந்த மூலப் படங்கள் பொதுச் சொத்து. ஆனால் பிற்காலத்தில் நிறம் மாற்றி வந்த பதிப்புகளை ஸ்கேன் எடுத்து அதன்மேல் வரையாதீர்கள், அந்தப் பதிப்புக்காரர்கள் தனியாக உரிமை கோருவார்கள். கட்டுக்கு வைக்கும் பெயரை வணிகச்சின்னப் பதிவேட்டிலும் தேடிப் பாருங்கள். காப்புரிமை முடிந்த கதாபாத்திரத்தின் பெயரே வணிகச்சின்னமாகப் பதிவாகியிருக்கலாம், பீட்டர் ராபிட் முயல் அப்படித்தான்.

3. சினிமாவை மறந்துவிட்டு மூலக் கதையைப் படியுங்கள்

நம் தலையில் இருக்கும் படம் பெரும்பாலும் புத்தகத்தில் இருந்து வந்ததில்லை, திரைப்படத்தில் இருந்து வந்தது. அதற்கு அமெரிக்காவில் உரிமை இன்னும் இருக்கிறது. ஓஸ் கதையில் டோரத்திக்கு இருப்பது வெள்ளிக் காலணி. சிவப்பு மாணிக்கக் காலணி 1939 திரைப்படத்தில் வந்தது. பினோக்கியோ கதையில் பேசும் பூச்சிக்குப் பெயரே கிடையாது, கொஞ்ச நேரத்திலேயே அவன் சுத்தியலை வீசிக் கொன்றுவிடுகிறான். தொப்பியும் குடையும் வைத்த பூச்சி 1940 திரைப்படத்தின் சொத்து. டிங்கர் பெல் புத்தகத்தில் பச்சைக் கவுன் போட்டிருக்கவில்லை, நரம்பு மட்டும் மிஞ்சிய இலையை உடுத்தியிருக்கிறாள், அது வரைவதற்கும் எவ்வளவோ அழகு. ஆலிஸ் நீல உடையில்தான் இருக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை. 1890இல் வந்த சின்னக் குழந்தைகளுக்கான பதிப்பில் முதல் ஓவியர் டென்னியலின் படங்களுக்கு வண்ணம் கொடுத்தபோது உடை மஞ்சள். நாங்களும் மஞ்சள் போட்டோம். ‘ஏன் மஞ்சள்’ என்று கேட்காதவர்களே இல்லை.

கட்டோடு வைக்கும் கையேட்டில் கதையில் இருந்து வரி எடுத்துப் போடுவதாக இருந்தால் ஒரு பொறி உண்டு. மூலக் கதை பொதுச் சொத்தாக இருந்தாலும் மொழிபெயர்ப்பு அப்படி இருக்காது. ஆண்டர்சன் 1875இல் இறந்தார் என்பதற்காகப் பத்து வருடத்துக்கு முன் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பையோ தமிழ் மொழிபெயர்ப்பையோ எடுத்துப் போட முடியாது. சொந்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

4. ஓவியர் உங்கள் ரத்த சொந்தமாக இருந்தாலும் எழுதி வாங்குங்கள்

சித்தி மகளிடம் போய் ஒப்பந்தம் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்த பிறகு கூச்சம் போய்விட்டது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எந்த நாடுகள் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். எல்லாவற்றையும்விட மோசமானது, வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் மாற்றமே செல்லாமல் போகும். எங்கள் கட்டு அச்சுக்குப் போகவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. ‘இந்த நிபந்தனை பொருந்தாது’ என்ற ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்.

எழுத வேண்டியவை: எந்தெந்தப் படங்கள், எத்தனை வருடம், எந்த நாடுகள், ஒரு வருட நிபந்தனை பொருந்தாது என்ற வரி, பணம் எப்போது எவ்வளவு, மறுபடி வரைய வேண்டி வந்தால் எத்தனை முறை இலவசம். அவளுக்கு விற்பனையில் பங்கு, கூடவே அசல் ஓவியங்கள் அவளுக்கே. முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து இரண்டு சாட்சிக் கையெழுத்து. அதில் ஒரு சாட்சி சித்தி.

5. கோப்பு தயாரிப்பு

வழக்கமான டாரட் அளவு 70 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரம். வெட்டும்போது கத்தி நகரும் என்பதால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வரையுங்கள். ஆக 76க்கு 126. 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவுக்கு 898க்கு 1488 பிக்சல், இதுதான் குறைந்தபட்சம். நாங்கள் இரண்டு மடங்கில் வரைந்தோம், பின்னால் சுவரொட்டி போட உதவியது. எழுத்தும் முகமும் வெட்டுக்கோட்டில் இருந்து உள்ளே குறைந்தது 3 மி.மீ. தள்ளி இருக்கட்டும்.

மெல்லிய பார்டர் போடாதீர்கள். ஒரு மி.மீ. கத்தி நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் நிற்கும், பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். பின்பக்கப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும், இல்லையென்றால் எந்தச் சீட்டு தலைகீழ் என்று எடுக்கும் முன்பே தெரிந்துபோகும்.

திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும். மௌக்லியின் காடு மொத்தமும் முதல் புரூஃபில் (சோதனை அச்சில்) பாசிப்பயறு நிறத்தில் வந்தது. வரையத் தொடங்கும்போதே சி.எம்.ஒய்.கே. (அச்சு மையின் நான்கு நிற) முறையில் தொடங்குங்கள்.

6. அச்சகம், அதைவிட முக்கியமாக மாதம்

சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டிக் காலண்டர் வேலை சூடுபிடிக்கும். ஆகஸ்டில் இருந்து டிசம்பர் கடைசி வரை உங்கள் 300 கட்டுக்கு யாருக்கும் நேரம் இருக்காது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பொங்கல் முடிந்ததும் போங்கள். பிப்ரவரியில் இருந்து மே வரை உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

கோட்டேஷன் கேட்கும்போது ‘டாரட்’ என்று மட்டும் சொல்லாமல் இப்படிக் கேளுங்கள்: 350 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 350 கிராம்) ஆர்ட் கார்டு, இரண்டு பக்கம் நான்கு கலர், இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன், முனை உருட்டி டை கட்டிங் (வெட்டும் அச்சை வைத்து வெட்டுவது), 78 சீட்டு வரிசையாகச் சேர்த்து ஷ்ரிங்க் ராப் (இறுக்கிய பிளாஸ்டிக் உறை). 23க்கு 36 இன்ச் தாளில் 40 சீட்டு உட்காரும், ஆகவே இரண்டு தாளில் 80. மீதம் இரண்டு இடம் சும்மா கிடைக்கிறது. ஒன்றில் கட்டின் பெயரையும் மற்றதில் எந்தக் கதை எந்தச் சீட்டு என்ற பட்டியலையும் போட்டுக்கொண்டோம். பின்பக்கம் எல்லாச் சீட்டுக்கும் ஒன்றே என்பதால் அதற்கு ஒரு செட் பிளேட் (அச்சுத் தகடு) போதும். எங்களுக்கு ஒரு கோட்டேஷனில் இரண்டு செட் போட்டிருந்தார்கள், கேட்டதும் குறைத்தார்கள்.

இனிமேல் சொல்வதை மட்டும் மறக்காதீர்கள். டம்மி கட்டு (மாதிரிக்காக அடிக்கும் ஒரே ஒரு கட்டு) கையில் வரும் வரை பெட்டிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். வெறும் அட்டையை 78 எண்ணி அடுக்கி, ஸ்கேல் வைத்து அளந்து நான் பெட்டி அளவு சொன்னேன். லேமினேஷன் இரண்டு பக்கமும் ஏறியதும் கட்டு தடித்துவிட்டது, கூடவே வைக்க வேண்டிய கையேட்டின் தடிமனை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. 300 பெட்டி வந்து இறங்கியது. மூடி மூடவில்லை. அந்தப் பெட்டிகளில்தான் இப்போது எங்கள் வீட்டில் பொத்தான், ஊசி, மாத்திரை எல்லாம் இருக்கிறது.

முதல் தாள் ஓடும்போது நேரில் போய் நில்லுங்கள். முகங்கள் சிவந்திருக்கின்றனவா என்று பாருங்கள், அந்த இடத்திலேயே சொன்னால் மாற்றுவார்கள். வீட்டுக்கு வந்து ஃபோனில் சொன்னால் ஒன்றும் நடக்காது.

7. செலவு

எங்கள் கணக்கு, உங்களுக்கு மாறும். டிஜிட்டலில் அடித்த ஒற்றை டம்மி கட்டு ரூ.4,500. அச்சு, தாள், லேமினேஷன், கட்டிங் எல்லாம் 300க்கும் சேர்த்து ரூ.58,000. இரண்டு துண்டுக் கெட்டிப் பெட்டி ரூ.36,000, அதுவும் இரண்டு முறை. 96 பக்கக் கையேடு ரூ.15,000. சேர்த்துக் கட்டுவது ரூ.4,000. எல்லாவற்றுக்கும் மேல் வரி. பெட்டித் தவறை விட்டுவிட்டால், வரி சேர்க்காமல் கட்டுக்கு 400 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. 100 கட்டு மட்டும் அடித்தாலும் செலவு பாதியாகக் குறையாது, பிளேட்டுக்கும் டைக்கும் அதே காசுதான்.

முன்பதிவில் பணம் திரட்டலாம் என்றால், கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் இந்தியாவில் இருந்துகொண்டு இந்திய வங்கிக் கணக்கை வைத்துத் திட்டம் தொடங்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் மாமா பெயரில் தொடங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு: பணம் அவர் வருமானமாக விழும், வரி அவர் தலையில், நல்லது கெட்டதுக்குப் பிறகு முகம் பார்க்க வேண்டும். நாங்கள் தெரிந்தவர்களிடம் 140 முன்பதிவு வாங்கி மிச்சத்தைக் கையில் இருந்து போட்டோம்.

8. காகித வேலை

காப்புரிமை வரைந்த நொடியிலேயே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் படிவம் 14. ஓவியப் படைப்பு ஒன்றுக்கு ரூ.500. சீட்டுக்குச் சீட்டு பதிந்தால் 78க்கு ரூ.39,000 ஆகும், வேண்டாம். கையேட்டை இலக்கியப் படைப்பாக ரூ.500 கட்டிப் பதிந்தோம், படங்களில் மூன்றை மட்டும் தனியாகப் பதிந்தோம். டைரி எண் (விண்ணப்பத்துக்குத் தரும் எண்) வந்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு, அதற்கு மேலும் மாதக்கணக்கில் இழுக்கும். பெட்டி ஓவியம் போல விற்பனைப் பொருளோடு சேர்ந்து பயன்படும் படம் என்றால் கட்டணம் ரூ.2,000. கூடவே வணிகச்சின்னப் பதிவகத்தில் இருந்து தேடல் சான்றிதழ் வேண்டும், அதற்கு டி.எம்.சி. படிவம், ரூ.10,000. படம் விற்பனைப் பொருளோடு பயன்படுமா என்ற கேள்விக்கு யோசிக்காமல் ‘ஆம்’ போட்டுவிடாதீர்கள்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: 40 லட்சத்துக்குக் கீழே விற்றால் பதிவே வேண்டாம் என்று. பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு பொதுவாக உதவாது. மதுரையில் இருந்து பெங்களூருக்கு ஒரு கட்டு விற்றாலும் பதிவு கேட்பார்கள். ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். வெளிநாட்டுக்கு விற்க ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு) வேண்டும், ஆன்லைனில் ரூ.500, பான் கார்டும் வங்கிக் கணக்கும் போதும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் இருந்து ஜூனுக்குள் விவரத்தை உறுதிப்படுத்தாவிட்டால் முடங்கிவிடும்.

பெட்டியின் அடியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எத்தனை சீட்டு, மாதம், வருடம், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு இவை இருக்க வேண்டும். ஓவியம் கெட்டுப்போகிறது என்று நாங்கள் இதை முதல் டிசைனில் விட்டுவிட்டு, பிறகு ஸ்டிக்கர் அடித்து 300 பெட்டிக்கும் கையால் ஒட்டினோம்.

9. அனுப்புவது

350 ஜி.எஸ்.எம்.மில் சீட்டு மட்டும் சுமார் 230 கிராம், பெட்டியும் கையேடும் சேர்ந்தால் அரைக் கிலோவை நெருங்கும், மேலே அட்டை சுற்றினால் தாண்டிவிடும். முன்பதிவு வாங்கும் முன்பே ஒரு டம்மியைக் கட்டி அஞ்சலகத் தராசில் வைத்துப் பாருங்கள். நாங்கள் 500 கிராமுக்குள் என்று கணக்குப் போட்டுத் தபால் செலவு வாங்கினோம், வந்தது 560. வித்தியாசம் எங்கள் கையில் இருந்து. அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள், 800 டாலருக்குக் கீழான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்டில் போய்விட்டதால், வரி விழும், அதை யார் கட்டுவது என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

அப்புறம், எண்ணுங்கள். அச்சகத்தில் சேர்த்துக் கட்டியதுதானே என்று ஷ்ரிங்க் ராப்போடு அப்படியே அனுப்பியதில் ஒன்பது கட்டில் கோப்பை நான்கு இல்லை, அதற்குப் பதில் கோப்பை ஐந்து இரண்டு இருந்தது. ஒருவர் அதையும் ஏதோ சகுனம் என்று எடுத்துக்கொண்டு மூன்று வாரம் எங்களிடம் சொல்லவே இல்லை. அச்சிடும்போதே 20 கட்டுக்கான உதிரித் தாள் கூடுதலாக ஓடச் சொல்லி, வெட்டி, வரிசைப்படி ரப்பர் பேண்ட் போட்டு ஒரு டப்பாவில் வைத்திருங்கள். டப்பாவுக்கு எங்களிடம் பழைய பெட்டி 300 இருக்கிறது.